ஓடச் சொன்னவள், தள்ளச் சொன்னவள்

பதுளை
03.03.2025

விஜிக்கு,

இந்தக் கடிதத்தை ஸ்பிரிங்வெளி பஸ் கண்டக்டர் ஸலீம் நானாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். என் நம்பரை நீ பிளாக் பண்ணிவிட்டாய். டீம் குரூப்பில் எழுதினால் இருபது பேர் படிப்பார்கள், அதில் பத்துப் பேர் அதைப் படம்பிடித்து ஊருக்கே அனுப்புவார்கள். வேறு வழி தெரியவில்லை.

நேற்றுக் காலை உங்கள் தோட்டத்துக் கிரவுண்டில், ரக்பிப் பயிற்சிக்கு நடுவில் பந்தைத் தரையில் போட்டுவிட்டு வெளியேறிப் போனாய். ஸ்கிரத்தில் உன்னோடு தோள் கொடுத்துத் தள்ளுகிற ஏழு பேரும் உன் பின்னாலேயே போனார்கள். மிச்சம் நின்ற ஒன்பது பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊதி என்ன செய்ய?

முப்பதாம் தேதி பதுளையில் கண்டி அணியோடு ஆட வேண்டும். ஜெயித்தால் முதல் பிரிவில் இருப்போம், தோற்றால் இரண்டாம் பிரிவு. நீங்கள் எட்டுப் பேரும் வராவிட்டால் ஆடாமலே தோற்போம். கேப்டனான உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் ஆட்டத்தை ஏன் மாற்றச் சொல்கிறேன் என்று ஒரு தடவையாவது கேள். நீயும் நானும் ஒன்றாய் ஆடிய ஆறு வருஷமும் நமக்கு ஒரே ஆட்டம்தான். பந்து கைக்கு வந்ததும் எட்டுப் பேரும் ஒன்றாய்க் கூடித் தலையைக் குனிந்து தள்ளுவது, விழுந்தால் எழும்பித் திரும்பவும் தள்ளுவது. நம் அளவு ஆட்களிடம் அது பலித்தது. கண்டிக்காரிகள் சராசரி எழுபத்தைந்து கிலோ. உங்களை நான் படிப்பிக்கிற ஸ்கூலின் தராசில் நிறுத்தியது ஞாபகம் இருக்கும், சராசரி ஐம்பத்தாறு. போன ஆகஸ்டில் அவர்களைத் தள்ளப் போய்த்தான் பாக்கியலெட்சுமியின் தோள் எலும்பு உடைந்தது. இன்னமும் அந்தப் பக்கம் அவளால் எதையும் சுமக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன வேனில் அவள் தலையை மடியில் வைத்திருந்தது நீதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். கூட்டத்துக்குள் போய் முட்டாதே. பிடிக்க வருவதற்கு முன் பந்தைக் கைமாற்று. கிரவுண்டின் முழு அகலத்திலும் பரந்து நில்லுங்கள், அவர்களை அங்கும் இங்கும் ஓட வையுங்கள். அறுபதாவது நிமிடத்தில் அவர்களுக்கு மூச்சு வாங்கும். நாள் முழுக்கத் தேயிலை மலை ஏறி இறங்குகிற உங்களுக்கு வாங்காது.

ஞாயிற்றுக்கிழமை வா. மற்ற ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு வா.

பிரான்சிஸ்கா


ஸ்பிரிங்வெளி
05.03.2025

மதிப்புக்குரிய கோச் மிஸ் அவர்களின் சமூகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. ஸலீம் நானா நோன்பும் அதுவுமாய் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே ரோட்டில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஹோர்ன் அடித்து, என் பேரைக் கத்திக் கூப்பிட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். இரகசியம் நன்றாகவே காப்பாற்றப்பட்டது.

நீங்கள் எழுதியதில் கிலோ இருக்கிறது, நிமிடம் இருக்கிறது, பாக்கியத்தின் எலும்புகூட இருக்கிறது. நடந்தது மட்டும் இல்லை.

ரொஷானி பந்தோடு ஓடினாள். பக்கத்தில் நின்ற நிஷாந்தினி அவள் பின்னால் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். அந்தப் பிள்ளை மறைக்காமல், "அது அவ நிரை மிஸ்" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, "இது ரக்பி, கொழுந்து மலை இல்ல" என்றீர்கள். டவுன் பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நிஷாந்தினி பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குத்தான் நான் பந்தைப் போட்டேன். தள்ளுவதா ஓடுவதா என்பதற்காக இல்லை.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷம் நீ விங்கில் நின்றாய். ஓரத்தில் நின்று, நாங்கள் சேற்றில் உருண்டு எடுத்துத் தந்த பந்தை வாங்கி ஓடி, கோட்டுக்கு அப்பால் ட்ரை வைத்தாய். பேப்பரில் உன் படம் வந்தது. உன் ஜேர்சியைத் துவைக்கவே தேவையிருக்கவில்லை. என் காதைப் பார்த்திருக்கிறாயா? தள்ளித் தள்ளி அது மடங்கியே போய்விட்டது. இன்றைக்குக் கொழும்பில் இரண்டு வாரம் படித்து ஒரு சேர்டிபிக்கட் வாங்கி வந்து, அந்த ஆட்டமே பிழை என்கிறாய். பிழையாய் ஆடியா உன்னை ஆறு வருஷம் ஜெயிக்க வைத்தோம்?

இன்னொன்று. உன் ஃபைலில் இரண்டு தாள் பார்த்தேன். முதல் தாளில் பதினைந்து பேர். என் பேர் இரண்டாவது தாளில். எனக்கு இருபத்தொன்பது வயது, ஓட மாட்டேன், தள்ளத்தான் தெரியும். என்னைக் கழிக்கத்தான் ஆட்டத்தை மாற்றுகிறாய் என்றால் முகத்துக்கு நேரே சொல். மாடசாமி நேற்று ராச்சோறு சாப்பிடும்போது, "என்னா, ஒன்னய வேலையவிட்டு நிப்பாட்டிட்டாங்களாமே?" என்று கேட்டுச் சிரிக்கிறார். கட்டின புருஷனுக்கே விளையாட்டாகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டோம்.

விஜயலெட்சுமி


பதுளை
08.03.2025

விஜி,

நான் சிரித்தது பிழை. இதை எழுத மூன்று நாள் எடுத்தது. முதல் நாள் "நான் அப்படி நினைத்துச் சிரிக்கவில்லை" என்று எழுதினேன். அது பொய், அதனால் கிழித்துப் போட்டேன். அப்படி நினைத்துத்தான் சிரித்தேன். டவுனில் பிறந்து வளர்ந்தவள். உங்களோடு ஆறு வருஷம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டும் அந்தச் சிரிப்பு உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது. நிஷாந்தினியிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன்.

தாள் விஷயமும் உண்மை. நீ எண்பது நிமிடம் ஓட மாட்டாய் என்று நினைத்துத்தான் உன் பேரை அங்கே எழுதினேன். கழிப்பதற்காக இல்லை. உன்னை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். போன வருஷத்து மேட்ச் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நிஷாந்தினி மட்டுமில்லை, தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான். ஒருத்தி பந்தோடு உடைத்துக்கொண்டு போனால், இரண்டு பக்கமும் இருப்பவர்கள் தங்கள் தங்கள் இடத்திலேயே நேராக ஓடுகிறார்கள். அவள் விழும்போது கிட்ட ஆளில்லை. கண்டிக்காரிகள் வந்து பந்தைப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். "கூப்பிடும்வரை காத்திருக்காதே, பந்து போகிற பக்கம் நீயாய்ப் போ" என்று ஒரு மாதமாய்ச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போனது. தலையாட்டுகிறார்கள், போக மாட்டேன் என்கிறார்கள்.

நிரை என்றால் கொழுந்து பறிக்கிற வரிசை என்று தெரியும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. சொல்லித் தருகிறாயா? கிரவுண்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, எழுதியாவது அனுப்பு. இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

பிரான்சி


ஸ்பிரிங்வெளி
13.03.2025

பிரான்சி,

இன்றைக்குப் பௌர்ணமி, போயா லீவு. வேலை இல்லை, அதனால் எழுதுகிறேன். கோபம் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனால் கங்காணி இன்ன மலை, இன்ன நிரை என்று பிரித்துவிடுவார். அன்றைக்கு அந்தச் செடியெல்லாம் என் பொறுப்பு. என் நிரைக் கொழுந்துதான் என் பையில் விழும், என் பேரில் நிறுக்கப்படும். பக்கத்து நிரையில் எவ்வளவு கொழுந்து தள்ளி நின்றாலும் கை நீட்டக் கூடாது. நீட்டினால் அது திருட்டு. வேலைக்குப் போன முதல் வருஷம், தெரியாமல் அடுத்த நிரையில் நாலு கிள்ளுக் கிள்ளிவிட்டேன். அந்த அக்கா என் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, "ஒங்க அம்மா இதத்தான் சொல்லிக் குடுத்தாளா?" என்று மலை முழுக்கக் கேட்கக் கத்தினாள். இன்றைக்கும் அவளைக் கண்டால் எனக்குக் கை கூசும்.

இப்போது யோசி. "கூப்பிடாமலே போ, அவள் பக்கத்துக்குப் போ" என்று நீ சொல்கிறாய். பிள்ளைகளின் காதில் அது எப்படி விழும்? ரொஷானி உடைத்துக்கொண்டு ஓடுகிறாள், அது அவள் ஓட்டம், அவள் ட்ரை. அதில் போய்க் கை வைக்க யாருக்கு மனசு வரும்?

ஆனால் கூப்பிட்டால் வேறு கதை. ஒருத்திக்கு உடம்புக்கு முடியவில்லை, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வரப் பிந்திவிட்டாள், நிரை பின்தங்கிவிட்டது என்று வை. "அக்கா, கை குடு" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். இரண்டு பக்கமும் இருந்து அவள் நிரைக்குள் இறங்கி, பறித்து அவள் பையிலேயே போட்டுக் கொடுத்து மேலே ஏற்றிவிடுவோம். அதற்கு யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். கூப்பிட்டும் போகாதவளோடு மலையில் யாரும் பேச மாட்டார்கள்.

கூப்பிடாமலே போ என்று நீ சொல்லிக் கொடுத்தாய். அதுதான் பிழை. பந்து வைத்திருக்கிறவளைக் கூப்பிடச் சொல்.

உன் அணியை ஜெயிக்க வைக்க இதைச் சொல்லவில்லை. நிஷாந்தினி மக்குப் பிள்ளை இல்லை என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொன்னேன். மற்ற ஏழு பேரையும் ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். என் கோபத்துக்கு அவர்கள் ஏன் ஆட்டத்தை இழக்க வேண்டும்? நான் வரவில்லை.

விஜி


பதுளை
19.03.2025

விஜி,

நீ கிட்ட நின்று பார்த்திருக்க வேண்டும்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கத்த வெட்கப்பட்டார்கள். பிறகு நிஷாந்தினியை இரண்டு பேர் பிடித்து அமுக்கும்போது வாய்விட்டு, "கை குடு!" என்றாள். விஜி, ஐந்து பேர் போனார்கள். ஐந்து பேர்! பந்து தரையைத் தொடவே இல்லை. கிரவுண்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் ரொஷானி தனியே ஓடிப்போய் வைத்தாள். ஒரு மாதம் நான் வெண்பலகையில் அம்பு அம்பாய்க் கீறியது வீண். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, பிள்ளைகள் முன்னால் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

ஸலீம் நானா சொன்னார், நீ மேல் ரோட்டில் விறகுச் சுமையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் நின்று பார்த்தாயாம். இறங்கி வந்தால் என்ன?

முகத்துக்கு நேரே சொல்லச் சொன்னாய், சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் நீ முதலிலிருந்து ஆட முடியாது. ஐம்பத்தைந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அவர்கள் களைத்த பிறகு கடைசி இருபத்தைந்து நிமிடம் உன்னை இறக்குவேன். கேப்டன் நீதான். நீ வெளியே இருக்கும்வரை நிஷாந்தினி பார்த்துக்கொள்வாள். இது உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பிரான்சி


ஸ்பிரிங்வெளி
24.03.2025

பிரான்சி,

வலிக்கிறது. கேப்டன் என்று பேர் வைத்து ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார வைக்கிறாய். தோட்டத்திலிருந்து இரண்டு லொறி ஆட்கள் மேட்ச் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் நான் தண்ணிப் போத்தல் காவல் காக்க வேண்டும்.

நேற்று வந்தேன், ஆடினேன், பார்த்தாய்தானே? பத்து நிமிடத்தில் எனக்கு நுரை தள்ளியது. நீ சொல்வது சரிதான், சரி என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முப்பதாம் தேதி வருகிறேன். ஆனால் ஒன்று. இந்தப் பிள்ளைகளைப் பழைய ஆட்டத்திலிருந்து இழுத்து எடுத்துவிட்டாய். கை குடு என்று கத்த வைத்துவிட்டாய். இடையில் பயந்து, "பழையபடி தள்ளுங்க" என்று திருப்பிவிடாதே. அப்படிச் செய்தால் இரண்டுமே அவர்களிடம் இருக்காது. எனக்கு வாக்குக் கொடு.

விஜி


பதுளை
25.03.2025

வாக்கு.

பிரான்சி


பதுளை
01.04.2025

அன்புள்ள விஜி,

நேற்றுப் பெருநாள், ஸலீம் நானா இன்னும் லீவு. அதனால் இது பிந்தித்தான் வரும்.

தோற்றோம். எவ்வளவு சுற்றி எழுதினாலும் அதுதான். ஆனாலும் கண்டிக்காரிகளோடு 15–19 என்று முடிப்போம் என்று யார் நினைத்தது? மூன்று ட்ரை வைத்தோம், மூன்றும் ஓடி வைத்தது.

கடைசி நிமிடத்தைப் பற்றி உன்னை யாராவது குறை சொன்னால் காதில் வாங்காதே. கோட்டிலிருந்து ஐந்து மீட்டரில் நமக்குப் பெனால்ட்டி, இன்னொரு ட்ரை வைத்தால் ஜெயிப்போம். என்ன செய்யப் போகிறாய் என்று கேப்டனான உன்னிடம் ரெப்ரி கேட்டார். ஸ்கிரம் எடுத்துத் தள்ளியிருக்கலாம். நீ பந்தைப் பரத்தச் சொன்னாய். ஆறு கை மாறி ஓரத்தில் ரொஷானியிடம் வந்தது, அவள் கையிலிருந்து வழுக்கி விழுந்தது. மழையில் பந்து நனைந்திருந்தது, பிள்ளை என்ன செய்வாள்? தைரியமான முடிவு. விளையாட்டில் இதெல்லாம் நடக்கிறதுதான்.

நான் கோச் வேலையை விடுகிறேன். கமிட்டிக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். ஆட்டத்தை மாற்றியதும் நான், இரண்டாம் பிரிவுக்குக் கொண்டுபோனதும் நான். இனி வேறு யாராவது பார்க்கட்டும். உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

பிரான்சிஸ்கா


ஸ்பிரிங்வெளி
03.04.2025

பிரான்சி,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இதிலும் நடந்தது மட்டும் இல்லை.

நான் ரெப்ரியிடம் பேசிக்கொண்டிருந்தபோது நீ கோட்டுக்கு வெளியே நின்று கத்தினாய். "ஸ்கிரம் எடு! தள்ளு விஜி, தள்ளு!" என் காது மடங்கியிருக்கலாம், செவிடு இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். தள்ளியிருந்தால் போயிருக்கும். எனக்கு நேரே நின்ற கண்டிக்காரிக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் தள்ளினவளுக்கு அது தெரியாதா? ஒரே தள்ளில் உள்ளே கொண்டுபோய்ப் போட்டிருப்பேன். ஊர் முழுக்க என் பேரைச் சொல்லியிருக்கும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஐம்பத்தைந்து நிமிடம் வெளியே உட்கார்ந்து பிள்ளைகள் ஓடினதைப் பார்த்திருந்தேன். அவ்வளவு அழகாய் இருந்தது. தலையைக் குனிந்தபடியே பன்னிரண்டு வருஷம் ஆடினவளுக்கு, நம் டீம் ஓடுவதை அன்றைக்குத்தான் முழுசாய்ப் பார்க்கக் கிடைத்தது. கடைசி நிமிடத்தில் அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. நான் அதை நம்பிவிட்டேன். நம்பவைத்த நீ நம்பவில்லை.

நீ கத்தினதை யாரிடமும் சொல்லவில்லை. லயத்தில் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள், ஏன் தள்ளவில்லை என்று. மாடசாமியும் கேட்டார். "என் முடிவு" என்று சொல்லிவிட்டேன். அதை நான் சுமப்பேன்.

ஆனால் ரொஷானி எந்தப் பக்க ஓரத்தில் நின்றாள்? நீ நின்ற பக்கம். பந்து காற்றில் வருகிறது, நீ இன்னமும் தள்ளு தள்ளு என்று கத்துகிறாய். அவள் திரும்பி உன்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கண்டேன். பந்து நனைந்ததால் விழவில்லை, பிரான்சி. கோச் என்ன சொல்கிறார் என்று பார்க்கத் திரும்பினதால் விழுந்தது.

அவளும் வாயைத் திறக்கவில்லை. யார் கேட்டாலும், "எங் கை சரியில்ல" என்கிறாள். நாலு நாளாய் வேலைக்குப் போகவில்லை, ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை. பூட்ஸை நிஷாந்தினியிடம் கொடுத்துவிட்டாள், இனி எனக்கு வேண்டாம் என்று. பத்தொன்பது வயதுப் பிள்ளை. நீ கோச் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்துகொள்ளலாம், அவள் இதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

நீ விடுவதும் விடாததும் பிறகு பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லோரும் கிரவுண்டில் இருப்போம். நீ வந்து எல்லோர் முன்னாலும் உன் வாயால் சொல். வராவிட்டால் நான் சொல்ல மாட்டேன், அதற்காகப் பயப்படாதே. ஆனால் அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுதாதே.

விஜி


பதுளை
04.04.2025

விஜி,

கத்தினேன். நாலு நாளாய் மழை, பந்து, ஈரம் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்த்ததை நானும் கண்டேன். அவள் கண்ணை நேருக்கு நேர் பார்த்தேன்.

உனக்குக் கொடுத்த வாக்கை நான் ஐந்து நாள்கூடக் காப்பாற்றவில்லை. அதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். ஆனால் அதுவரை ரொஷானியை இன்னும் இரண்டு நாள் பட்டினி போட முடியாது. ஸ்கூலுக்கு இன்றைக்கு லீவு சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் அதே காலை பஸ்ஸில் நானும் வருகிறேன். நீ இதைப் படித்து முடிக்கும்போது நான் அவள் வீட்டு வாசலில் நிற்பேன். நிஷாந்தினியிடம் சொல்லி அந்தப் பூட்ஸை எடுத்துக்கொண்டு வா.

பிரான்சி